உப்பு கேட்காத கால்கள்

இதை எழுதுகிற இதே கைக்குள்தான் அந்த மருந்துக் குப்பி இருந்தது. அதனால் ‘கனவு கண்டிருப்பாய்’ என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் விழித்திருந்தேன். பொழுதுகூடச் சாயவில்லை.

எங்கள் பெரியக்கா தமிழினிக்குக் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கும் மாமாவுக்கும் உருவான கருக்களை மதுரை ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருந்தார்கள். அதைச் சுமந்து பெற்றுத் தருகிறேன் என்று முன்வந்தவள் சின்னக்கா முனீஸ்வரி. ஏற்கெனவே ஒரு பெண் பிள்ளை பெற்றவள். அவள் புருஷன் ஈஸ்வர் மச்சானும் சம்மதித்தார். மாமியார் சுருளியம்மாள்தான் போடியில் தெருவே கேட்கக் கத்தினாள்.

“கதவத் தொறந்து போட்டா நாயும் வரும், பேயும் வரும்டி.”

“வரட்டும் அத்தே. யாரு உள்ள வரணும்னு வீட்டுக்காரி நான் சொல்லிக்கிறேன்.”

அன்றைக்கே சின்னக்கா ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு மேலே நானும் அம்மாவும் இருக்கும் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு முறை வைத்த கரு நிற்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கர்ப்பப்பைச் சுவர் தடிக்க மாத்திரை விழுங்கி, ஸ்கேனில் அளவு சரி என்று வந்த பிறகு ஊசி தொடங்கியது. தினமும் மாலை ஐந்து மணிக்கு இடுப்பில் போட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் கரு ஒட்டாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிஸ்பென்சரி நர்ஸ் ருக்கையாக்கா நடந்து வந்து போடுவார். மருந்து எண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். குப்பியைக் கைக்குள் பொத்திச் சூடாக்கிக் கொடுப்பது என் வேலை.

மழைக்காலத்தில் ஏலக்காட்டு வழியாக யார் வந்தாலும் காலில் அட்டை ஏறியிருக்கும். வாசலில் தொங்கும் உப்புத் துணியால் தேய்த்து, அட்டையை உதிர்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ருக்கையாக்கா தேய்த்துக்கொண்டே சொல்வார்: “நான் ஊருக்கு ஊசி போடுறேன். இதுக எனக்குப் போடுதுக.”

அன்று மதியத்திலிருந்தே மூடுபனி. மழை விடவில்லை. அம்மா ஏலக்காய் எடுக்கப் போயிருந்தாள். ஐந்து மணி ஆகியும் ருக்கையாக்கா வரவில்லை. போனில் டவர் இல்லை.

“நீயே போடுடி ரோஜா.”

“எனக்குக் கை நடுங்கும்க்கா.”

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம்.

டொக்... டொக்...

திறந்தேன். பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்தியிருந்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. ருக்கையாக்கா என்றுதான் நினைத்தேன். உப்புத் துணியை நீட்டினேன். வாங்கவில்லை. சட்டென்று விலகி, சுவரை ஒட்டியே உள்ளே போனார்.

காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. சேறு இல்லை. ஒரு அட்டைகூட இல்லை.

பேச்சும் இல்லை. ருக்கையாக்கா பேசாமல் ஊசி போட்டதே கிடையாது...

கேட்க எனக்கு வாய் வரவில்லை. எப்போதுமே வராது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான்.

சின்னக்கா குப்புறப் படுத்தாள். அந்த உருவம் குனிந்தது. பிளாஸ்டிக் தாள் சரசரத்தது.

“ஸ்ஸ்... ஏன்க்கா இன்னைக்கு இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு?”



நிமிர்ந்தது. போய்விட்டது. கதவுச் சத்தமே கேட்கவில்லை...

என் உள்ளங்கை வலித்தது.

இறுக்கி மூடியிருந்தேன்.

விரித்தேன்.

குப்பி... உடைக்காமல் அப்படியே இருந்தது.

“அக்கா... மருந்து எங்கிட்டதான் இருக்கு.”

அவள் இடுப்பைத் தடவினாள். விரலில் ஒரு துளி ரத்தம். முகம் வெளுத்துவிட்டது. வாசலைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் குப்புறப் படுத்தாள்.

“வந்தவ என்னத்தையோ போட்டுட்டுப் போறா. எங்க அக்கா மருந்து உள்ள போயே ஆகணும். அந்தப் பக்கம் போடுடி, வெரசா.”

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது. நான் திரும்பவில்லை. குப்பியை உடைத்தேன். மருந்தை உறிஞ்சினேன். போட்டேன்.

கை நடுங்கவில்லை.

மறுநாள் காலை ருக்கையாக்கா அழுதுகொண்டே வந்தார். முழங்கால் வரை அட்டை.

“மண்ணு சரிஞ்சு பாதையை அடைச்சிருச்சு தாயி. அங்கிட்டே மாட்டிக்கிட்டேன். ஊசி போச்சே...”

“போகல,” என்றாள் சின்னக்கா.

கரு வைத்தார்கள். நின்றது. ஸ்கேனில் துடிப்பைப் பார்த்துப் பெரியக்கா டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டாள். சின்னக்காவைப் போடியில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். இப்போது ஐந்தாம் மாதம்.

போன வாரம் சின்னக்கா அம்மாவைப் பார்க்க மேலே வந்தாள். நல்ல மழை. ஈஸ்வர் மச்சான் ஜீப்பை ரோட்டில் நிறுத்தினார். கூட்டிவரப் போயிருந்த நானும் அவளும் ஏலக்காட்டுக்குள் மெதுவாக நடந்தோம். வாசலில் நின்று என் காலிலிருந்த அட்டைகளை உதிர்த்துவிட்டு, உப்புத் துணியை அவளிடம் நீட்டினேன்.

வாங்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். காலில் சேறு இருந்தது. ஈரம் இருந்தது.

அட்டை ஒன்றுகூட இல்லை.

“அந்த ஊசிக்குப் பெறகு ஏறுறதே இல்லடி,” என்றாள். “நல்லதுதான. உப்பு மிச்சம்.”

சிரித்துக்கொண்டே என் கையை விட்டு விலகி, சுவரை ஒட்டியே உள்ளே போனாள்.