வலது கண்ணுக்கான ஸ்தோத்திரம்

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் முழுச் சுகம் பெற்றுத்தான் நிற்பார்கள். நான் பாதிச் சுகத்தோடு வந்திருக்கிறேன். என் இடது கண் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. பிறகென்ன சாட்சி என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் பல வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

என் பெயர் ஜெபமணி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கணவர் தேவராஜுக்குக் கட்டட வேலை. ஒரே மகள் ஷைனி, யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் பில் போடுகிறாள். நான் சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். மலையிலிருந்து வருகிற இஞ்சியைச் சுண்ணாம்பில் வெளுக்கவைத்து, காயப்போட்டு, தரம் பிரிப்பது எங்கள் வேலை. வாய்த்துடுக்குக்காரி என்று அங்கே எனக்குப் பெயர். அது பொய்ப் பெயர் இல்லை.

போன வருடம் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சுண்ணாம்பு மூட்டையைத் தொட்டியில் கவிழ்க்கும்போது அடிப்பக்கம் கிழிந்து, பொடி முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணிலும் விழுந்தது. மிளகாய்ப் பொடி என்றால் அழுது தீர்த்துவிடலாம். இது அப்படி இல்லை. கண்ணைத் தின்றது.

இனி சொல்லப்போவதை நான் இதுவரை உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. உபவாசக் கூட்டத்தில் ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெயை, நம்மில் பலரைப்போல, நானும் ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிப் பையிலேயே வைத்திருப்பேன். தலைவலிக்கு அதுதான். மகளுடைய பரீட்சைக்கும் அதுதான். அன்றைக்குத் தண்ணீர்க் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. என் பை அதற்கும் அப்பால் ஆணியில் தொங்கியது. கண் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு, குழாயைத் தாண்டிப் பைக்குப் போனேன். குப்பியைத் திறந்து இடது கண்ணில் எண்ணெயை விட்டு, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "இயேசுவே, சீக்கிரம் ஓடி வாரும்!" என்று கத்தினேன்.

ஓடி வந்தது ஆமினா இத்தா. என்னோடு தரம் பிரிக்கிற முஸ்லிம் அக்கா, மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்களோடு வேலை பார்த்துப் பார்த்து அவளுடைய மலையாளத்தில் பாதி தமிழாகிவிட்டது.

"எடீ, எண்ணெயோ? தண்ணி ஒழிக்கடீ, தண்ணி ஊத்து!" என்று குப்பியைத் தட்டிவிட்டாள்.

"என்னை ஜெபிக்க விடு!" என்றேன். அவள் விடவில்லை. என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாய்க்கு அடியில் தலையை அமுக்கினாள். நான் அவள் கையைக் கடித்தேன். அப்போதும் விடவில்லை. எண்ணெய் கழுவிப் போய்விடக் கூடாதே என்று இடது கண்ணைப் பொத்திய கையை நானும் எடுக்கவில்லை. ஆட்டோ வரும்வரை என் வலது கண்ணில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

எறணாகுளம் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "ஆரு எண்ணெய் விட்டது?" என்றுதான். கூட வந்த இத்தாதான் நடந்ததைச் சொன்னாள். சுண்ணாம்பு விழுந்தால் உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர், வேறு ஒன்றும் கூடாது என்றார். இடது கண்ணைப் பற்றி நம்பிக்கை தரவில்லை. வலது கண் எப்படியாகும் என்று இப்போது சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டும் என்றார். இரண்டையும் கட்டி அனுப்பினார்கள்.

அந்த வாரங்களை எப்படிச் சொல்வேன்? காலையும் மாலையும் ஒன்றாகிவிட்டன. கணவர் வேலைக்குப் போகும்போது கதவு சாத்துகிற சத்தம், திரும்பி வரும்போது அதே சத்தம். நடுவில் ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாரும் வந்து ஜெபித்தீர்கள். "விசுவாசம் குறையாமப் பாத்துக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எண்ணெய் விட்ட கதையை முழுங்கிக்கொண்டு ஆமென் சொன்னேன். நீங்கள் போனபின் ஆண்டவரோடு சண்டை போட்டேன். உம்மை நம்பித்தானே விட்டேன்? ஒரு பதிலும் இல்லை. நாளைக்குக் கண்விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

ஆமினா இத்தா மத்தியானங்களில் கஞ்சி கொண்டுவருவாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இவள் குறுக்கே விழாமல், ஒருமனதாக ஜெபிக்க விட்டிருந்தால் இரண்டு கண்ணும் பிழைத்திருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. கஞ்சியை வைத்துவிட்டுப் போவாள்.

காலையில் ஸ்தோத்திரப் புத்தகத்தைக் கையில் எடுத்து, ஆயிரம் ஸ்தோத்திரத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நானும் வருடக்கணக்காகச் சொன்னேன். உதடு சொல்லும், மனசு அரிசி ஊறவைத்தோமா என்று யோசிக்கும். இப்போது வாசிக்கக் கண் இல்லை. கணவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஷைனி பேசுவது தமிழ், படித்தது மலையாளம். தமிழ் எழுத்துக் கூட்ட வராது.

"நீயே சொல்லும்மா. நான் மலையாளத்துல எழுதி வைக்கேன். நாளைக்கு அதையே வாசிச்சுத் தாரேன்" என்றாள்.

முதல் நாள் மூன்று வந்தது. சாயா சூடாக இருந்தது, ஸ்தோத்திரம். மீன்காரர் சத்தம் கேட்டது, ஸ்தோத்திரம். மகள் பக்கத்தில் இருக்கிறாள், ஸ்தோத்திரம். நான்காவது வரவேயில்லை. ஆயிரம் சொன்னவளுக்கு நான்காவது இல்லை! மறுநாள் அந்த மூன்றும்கூடக் கசந்தன. அவளுக்காகத்தான் சொன்னேன்.

மூன்றாவது வாரம், மருந்து விடுவதற்காக வலது கண் கட்டைப் பிரித்தபோது ஜன்னல் இருக்கிற இடம் மங்கலாக வெளுத்துத் தெரிந்தது. ஷைனியைக் கூப்பிட்டேன். "எழுதுடி. வலது கண்ணுல வெளிச்சம் தெரிஞ்சுது, ஸ்தோத்திரம்" என்றேன். அவள் எழுதவில்லை.

"என்னடி?"

"கோவிக்கக் கூடாதும்மா. வலது கண்ணு இத்தா கழுவுனது. இடது கண்ணு நம்ம எண்ணெய் விட்டது. டாக்டர் சொன்னப்போ நானும் பக்கத்துலதானே நின்னேன். இத்தா பேர எழுதாம இதை எப்படி எழுத?"

கையில் இருந்த டம்ளரை விட்டெறிந்தேன். "ஊழியக்காரி மாதிரி எனக்குப் போதிக்க வந்துட்டா" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே கடைக்குப் போனாள்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஓடி வாரும் என்று கூப்பிட்டேன். அந்த நிமிஷமே ஒருத்தி ஓடி வந்தாள். வேறு எப்படி வருவார் என்று எதிர்பார்த்தேன்? பதில் வரவில்லை என்று மூன்று வாரமாக யாரோடு சண்டை போட்டேனோ, அவர் அன்றைக்கே பதிலை அனுப்பிவிட்டார். ஒரு கையால் அதைத் தடுத்தேன். பல்லால் கடித்தேன். என் இடது கண்ணை நானே பொத்தி வைத்துக் கெடுத்தேன். கட்டுக்குள் இருந்த கண் அழுது எரிந்தது.

மத்தியானம் கஞ்சி வந்தது. நான் திரும்பிக்கொள்ளவில்லை.

"இத்தா, என் வலது கண்ண நீங்கதான் காப்பாத்துனீங்க. இத்தனை நாளா சொல்லல. மன்னிச்சிடுங்க."

இத்தா சிரித்தாள். "ஞான் நெனச்சது, நீ கடிச்சதுக்கு மாப்பு கேப்பேன்னு. ஊசி போட்டாங்கடீ எனக்கு!" அப்புறம் குரல் இறங்கியது. "அன்னைக்கு எனக்கும் பயந்தான். படச்சோனே, படச்சோனேன்னு விளிச்சோண்டேதான் உன் தலையைப் பிடிச்சேன்."

படைத்தவனே என்று அவளும் கூப்பிட்டிருக்கிறாள். அவள் கையைத் தேடிப் பிடித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே என் பல் பட்ட இடம் தடித்திருந்தது.

மாதங்கள் ஆயின. வலது கண் தெளிந்தது. இன்று கண்ணாடி போட்டு வாசிக்கிறேன், தரம் பிரிக்கிறேன், சுண்ணாம்புப் பக்கம் மட்டும் போவதில்லை. இடது கண் வெளுத்துக் கிடக்கிறது. கண்ணாடி பார்க்கும்போது அந்த எண்ணெய் ஞாபகம் வரும். அன்றைக்கெல்லாம் ஜெபமும் வராது, சோறும் இறங்காது. இதை உங்களிடம் மறைத்து என்ன பயன்? ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்று மட்டும் இப்போது சொல்ல மாட்டேன்.

காலை ஸ்தோத்திரத்தை விடவில்லை. ஐந்துதான் சொல்கிறேன். ஐந்தும் நேற்று நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். யார் மூலமாக வந்ததோ அவரிடமும் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். வாய்த்துடுக்குக்காரிக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டாரைக் கேளுங்கள். ஷைனியிடம் அந்த டம்ளருக்காக மன்னிப்புக் கேட்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. சில நாள் ஒன்றுகூட வராது. இன்றைக்கு ஒன்றும் இல்லை ஆண்டவரே என்று அதைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன். அதையும் கேட்கிறார் என்று நம்புகிறேன்.

உங்களில் யாராவது இன்றைக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தால், அவரைக் கூப்பிடுங்கள். கட்டாயம் அனுப்புவார். யாரை அனுப்பினாலும், அந்தக் கையைக் கடித்துவிடாதீர்கள்.