ஆறுமுகத்தாய் கேட்ட வரம்

சங்கரன்கோவிலில் விசைத்தறிக்கு நூல் சுற்றிக்கொடுத்துப் பிழைக்கும் ஆறுமுகத்தாய், அம்மனிடம் வாய்விட்டுக் கேட்டது வாழ்நாளில் ஒரே ஒரு வரம்தான். பாவி மகளுக்கு அது பலித்துத் தொலைத்தது.

ஐந்து வருடங்களுக்கு முந்தைய ஆனியில் அவள் மகள் தேன்மொழியையும், தேன்மொழி வேறு சாதியில் விரும்பிக் கட்டிக்கொண்ட பையனையும் யாரோ வெட்டி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் போட்டிருந்தார்கள். மகள் அப்போது நாலு மாதக் கர்ப்பம். ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் ஆறுமுகத்தாய் கோயிலுக்குப் போய் நூற்றியெட்டுச் சுற்று சுற்றினாள். ஊர்ப் பெண்கள் எதையாவது வேண்டிக்கொண்டு வருடந்தோறும் சுற்றுவதுதான். சுற்றுகிறவர்களின் கால்வலியை ஒற்றைக்காலில் தவம் நிற்கும் அம்மனே வாங்கிக்கொள்வாள் என்பார்கள். மற்றவர்கள் மனதுக்குள் கேட்பார்கள். இவள் சுற்றுக்கு ஒரு தரம் உரக்கக் கேட்டாள்.

"எம்பிள்ளையக் கொன்னவன் தூக்குல தொங்கணும், தாயே."

மகன் வேல்ராஜ் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே நடந்தான். அவள் தள்ளாடியபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டான்.

தபசன்று காலையில் போலீஸ் வந்து அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனது. அவனும் மறுக்கவில்லை.

வழக்கு நாலு வருடம் இழுத்து, தூக்கு என்று தீர்ப்பானது. வக்கீல் சங்கரபாண்டியன் ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதர். அந்தக் காலம் போலத் தீர்ப்பான கையோடு தொங்கவிடுவதெல்லாம் இப்போது இல்லை, ஐகோர்ட்டு பார்க்கவேண்டும், சுப்ரீம் கோர்ட்டு இருக்கிறது, ஜனாதிபதிக்கு மனுப் போடலாம், நாளைக்கு அந்தச் சட்டத்தையே எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள் என்று விரல் மடக்கி எண்ணினார். அவளுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நூற்றியெட்டுத் தரம் கேட்டதை எந்தக் கோர்ட்டில் போய்த் திரும்ப வாங்குவது?

பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போய், நான் கேட்டதால்தானே என்று மகனிடமே அழுதாள்.

"நீ கேட்டதுல தப்பில்லம்மா," என்றான் அவன், கம்பிக்கு அந்தப்புறம் நின்று. "பின்னாலயே வந்தேம்லா. அம்புட்டையும் கேட்டுக்கிட்டுத்தான் நடந்தேன்."

அவனை அறையவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது. நேரமாகிவிட்டது என்று காவலர் சொன்னதும் எழுந்து வந்துவிட்டாள்.

இந்த ஆனியில் ஐகோர்ட்டும் தூக்கை உறுதிசெய்தது. கொடியேறியதும், கேட்டதைத் திரும்ப வாங்கியே தீருவது என்று கோயிலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு முத்துமணி துணைக்கு வந்தாள். முதல் சுற்றிலேயே, அவனை விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். கிணற்றிலிருந்து தூக்கிக் கிடத்திய தேன்மொழியின் வயிறு கண்ணில் வந்து நின்றது. சொல் எழும்பவில்லை. சரி, நடக்கிறது நடக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கினால், தண்ணீர் பாட்டிலோடு அவன் பின்னால் வருவது போலிருந்தது. இரண்டு தரம் திரும்பிக்கூடப் பார்த்தாள். இப்படியே நூற்றியெட்டும் முடிந்துபோனது.

வெளியே வந்து உட்கார்ந்ததும், அம்மனிடம் என்ன கேட்டாய் என்று முத்துமணி விசாரித்தாள். ஆறுமுகத்தாய் வீங்கிய கால்களை நீட்டித் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமே கேக்கலட்டி. கேட்டா அவ குடுத்துருதா."