நிறுத்தும் கயிறு

அந்தக் கயிற்றுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். சுண்டுவிரல் பருமன் இருக்கும். அறுக்கும் கூடத்தின் சுவரை ஒட்டி, என் தோள் உயரத்தில், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போனது. எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் தலைக்கு மேல் ஓடும் சங்கிலி நின்றுவிடும். என் மேசைக்கும் அதற்கும் இடையே ஒன்றரை அடி. இதை நான் அளந்தது, எல்லாம் நடந்து முடிந்த மறுநாள்.

ஹொசகோட்டே தாண்டி இருந்த ஒரு கோழித் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் பதிவு எழுதுபவனாக இருந்தேன். காலையில் ஜோகுபாளையத்தில் கம்பெனி வேன் ஏறினால், முன்னிரவில்தான் இறங்குவேன். சங்கிலியின் கொக்கிகளில் கோழிகளின் காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். முதலில் மின்சாரம் ஓடும் தண்ணீரில் தலை நனைந்து மயங்கும். அடுத்து கத்தி. ரத்தம் வடிய ஒரு நீண்ட தொட்டி. பிறகு இறகு கழல்வதற்காக வெந்நீர்த் தொட்டி. எந்த இடத்தில் எது பிசகினாலும், நேரத்தோடு படிவத்தில் எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்ததும் அதையே என் டைரியிலும் சுருக்கி எழுதிவைப்பேன். அது யாரும் கேட்காமல் எனக்கு நானே வைத்துக்கொண்ட பழக்கம்.

கத்தி பிடித்தவரை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் அழைத்தோம். சிவாஜிநகர் மார்க்கெட்டில் இருபது ஆண்டுகள் கோழிக்கடையில் நின்றவர். வாங்குபவர் கண்ணெதிரே கூண்டைத் திறந்து, கோழியைக் கையில் எடுத்து, இறைவன் பெயரைச் சொல்லி அறுத்த மனிதர். என்னைக் கண்டால் அவருக்குக் கேலி. “எழுத்துக்கார சார் வந்துட்டாரு. கோழிங்களா, அட்டென்டன்ஸ் சொல்லுங்க!” என்று தொங்கும் கோழிகளைப் பார்த்துச் சொல்வார். ரத்தத் தொட்டியைக் கழுவும் பெண்கள் முகமூடிக்குள் சிரிப்பார்கள். ஆனால் சங்கிலி ஓடத் தொடங்கிவிட்டால் அவர் உதடு வேறு எதற்கும் அசையாது. ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு ‘பிஸ்மில்லா’. ஒன்றும் மூச்சோடு வெந்நீருக்குள் போகக் கூடாது. அவர் கேட்டது அது ஒன்றுதான்.

முதல் சில ஆண்டுகள் இரண்டு நொடிக்கு ஒரு கோழி வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியின் பெரிய கேன்டீன்களுக்கு நாங்கள் சப்ளை செய்யத் தொடங்கியபின் நொடிக்கு ஒன்றாயிற்று. “ஒரு பேரு சொல்றதுக்குள்ள இன்னொண்ணு வந்து மூஞ்சில இடிக்குது சார். நான் பேர் சொல்றது எந்தக் கோழிக்குன்னு எனக்கே தெரியல,” என்றார். மயங்காத கோழி கடைசி நொடியில் தலையைத் தூக்கும். கத்தி தப்பும். இறக்கை அடித்தபடி அது வெந்நீருக்குள் போகும். மறுபக்கம் வெளியே வரும்போது தோல் வெளுத்திருக்காது, செக்கச் சிவந்திருக்கும். ரத்தம் வெளியேறாமல் உள்ளேயே நின்ற உடம்பு அது. சிவந்து வந்தால் உயிரோடு வெந்தது என்று பொருள். கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும்.

படிவத்தில் ‘சிவப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. எண்ணிக்கை கூடியதும் மேனேஜர் என்னை அறைக்கு அழைத்தார். கோபமாகப் பேசுகிற ஆள் இல்லை. “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க,” என்றார். சிவந்ததையெல்லாம் ‘அடிபட்டது’ என்ற கட்டத்தில் எழுதினால் போதும். எப்படியும் அரைத்துக் கொத்துக்கறியாகத்தான் போகப்போகிறது என்றார். எழுதினேன். கயிற்றுக்கும் அவர் ஒரு ஒழுங்கு வைத்தார். “யாரு இழுத்தா, எத்தனை மணிக்கு, எதுக்குன்னு எனக்கு எழுத்துல வேணும். எழுதாம ஒருத்தரும் இழுக்கக் கூடாது.” அதனால் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. முதலில் நேரம், பிறகு காரணம், அதற்குப் பிறகு கயிறு. ஒரு கொக்கி வளைந்துபோனாலும், யாராவது வழுக்கி விழுந்தாலும் என் கை முதலில் பேனாவுக்குத்தான் போகும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளைச் சேவல் ஒன்று மின்தண்ணீரிலும் மயங்கவில்லை, கத்திக்கும் சிக்கவில்லை. பாய் அதைப் பார்த்துவிட்டார். தன் இடத்தை விட்டு, ரத்தத் தொட்டி ஓரமாகச் சங்கிலியோடு ஓடினார். தரையெல்லாம் ரத்தமும் கொழுப்பும். கம் பூட்ஸ் வழுக்க வழுக்க ஓடினார். பின்னால் வந்த கோழிகள் அறுபடாமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வெந்நீர்த் தொட்டியின் வாயருகே, கம்பிவலைக் கையுறை போட்ட இடது கையால், மேலே கொக்கிவரை எக்கியிருந்த சேவலின் தலையைப் பிடித்தார். வலது கையில் கத்தி உயர்ந்தது. அதற்குள் கையுறையின் பக்கிள் கொக்கியின் வளைவில் மாட்டிக்கொண்டது. சங்கிலி அவரை இழுத்தது. கத்தி தரையில் விழுந்து சுழன்றது. சேவலும் கையும் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. முழங்கை வரை போனது.

“சார்! கயிறு!” என்று பாய் கத்தினார்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். குனிந்து எழுதினேன்: 10.42. பக்கத்துக் கட்டத்தில் ‘கை’ என்று எழுதினேன். பேனாவை மூடினேனா என்பது நினைவில் இல்லை. பிறகு இழுத்தேன்.

சங்கிலி நின்றபின் கேட்டது இறக்கைச் சத்தம் மட்டும்தான். அறுபடாத கோழிகள் அத்தனையும் தலைகீழாகத் தொங்கியபடி அடித்துக்கொண்டன. தொட்டிக்குள் சேவல் இன்னும் ஒருமுறை புரண்டது. இரண்டு பேர் பாயின் கையை வெளியே எடுத்தார்கள். கம்பிவலையைக் கழற்றியபோது அதோடு தோலும் வந்தது. கழுவும் பெண்களில் ஒருத்தி ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தாள். அரை மணியில் வேறொருவர் கத்தியோடு வந்தார். சங்கிலி மறுபடி ஓடியது. சேவல் மறுபக்கம் வெளியே வந்தபோது நான் என் இடத்தில்தான் நின்றிருந்தேன். எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

ஆறு வாரம் கழித்து சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். இடது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல விறைத்து நின்றன. டீ டம்ளரை வலது கையால் என் பக்கம் நகர்த்தினார்.

“அந்தச் சேவல் என்ன ஆச்சு சார்?”

“தண்ணிக்குள்ள போயிடுச்சு பாய்.”

“உயிரோடயா?”

“ஆமா.”

“எதுல எழுதுனீங்க?”

“அடிபட்டதுல.”

பாய் சிரித்தார். கூடத்தில் சிரிப்பாரே, அதே சிரிப்பு. “அப்ப என்னையும் அதுலயே எழுதிடுங்க சார். கணக்கா இருக்கும்.”

அன்று நான் சொல்லப் போனது வேறு. அவர் கூப்பிட்டபோது அவர் முகம் தொட்டிப் பக்கம் இருந்தது. நான் குனிந்து எழுதியதை அவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் கண்ணும் தொட்டிப் பக்கம்தான் இருந்தது; என்னைப் பார்த்தவர் யாரும் இல்லை. டீயைக் குடித்து முடித்தேன். சொல்லாமல் படி இறங்கினேன். அடுத்த ஆண்டு வேலையை விட்டேன். அவர் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சித்தூர்ப் பக்கம் மகளிடம் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

கோழி சாப்பிடுவதை நான் விடவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். அதன்மேல் ஒரு க்யூஆர் கட்டக் குறியீடு. போனை அதன்மேல் காட்டினாள். “பாருப்பா, எந்தப் பண்ணையில வளந்ததுன்னுகூட சொல்லுது.” படம் ஓடியது. பச்சைப் புல்லில் ஒரு கோழி மேய்ந்தது. ஒரு விவசாயி சிரித்தார். அடுத்து பளபளக்கும் மேசை, வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்று பாக்கெட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியது. முடிந்தது.

“நடுவுல என்னம்மா?” என்றேன்.

“நடுவுலன்னா?”

அவள் சமையலறைக்குப் போனபின் பழைய டைரியை எடுத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் என் திருத்தமான எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘10.42 – சங்கிலி நிறுத்தப்பட்டது.’ ஒன்பது ஆண்டு டைரியில் எங்கும் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்த வரியை மட்டும் அடித்தேன். கீழே எழுதினேன்: ‘10.42 – எழுதிக்கொண்டிருந்தேன். கயிறு ஒன்றரை அடியில் இருந்தது.’