எஸ்தரை ஊரில் விடப் போன பயணம்

1946, ஆடி மாதம். பினாங்கில் ஏறிய கப்பலை நாகப்பட்டினத்தில் விட்டு இறங்கி, ரயில் மாறி மாறி, ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு விருதுநகர் ஸ்டேஷனில் நின்றோம். நான், ஏழு வயது எஸ்தர், நாலு வயது தானியேல், ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள். பிள்ளைகள் இருவரும் மலாயாவில், கெடா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். என் கணவர் அங்கே ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுபவர். ஊர் என்பதைப் பிள்ளைகள் பெயராகத்தான் அறிவார்கள்.

இந்தப் பயணத்தின் காரணத்தை எஸ்தரிடம் நான் சொல்லவில்லை. போரில் மூடிய தோட்டத்துப் பள்ளி திறக்கவில்லை. அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திருச்சுழிக்கு அப்பால் என் கணவரின் அக்கா, அன்னம்மா மதினி, கிராமப் பள்ளியில் டீச்சர். கணவரை இழந்தவர், பிள்ளையில்லை. "எஸ்தரை என்னிடம் விடுங்கள்" என்று எழுதியிருந்தார். அவளை விட்டுவிட்டுத் தானியேலோடு திரும்புவதாக ஏற்பாடு.

ஏழரை மணிக்கு அருப்புக்கோட்டை பஸ். பெட்ரோல் தட்டுப்பாடு தீரவில்லை. பின்புறம் கரி அடுப்பு கட்டி, அதன் வாயுவில் ஓடும் பஸ்தான். பன்னிரண்டு மைலுக்கு எனக்கு ஆறணா, எஸ்தருக்கு அரை டிக்கட். கண்டக்டர் காக்கிச் சட்டையோடு எங்கள் வரிசைக்கு வந்ததும் எஸ்தர் சட்டென்று எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பு வளையக் குனிந்தாள். தானியேலின் தலையையும் பிடித்து அழுத்தினாள். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள்.

"என்னத்தா இது, என்னப் போயிக் கும்புடுத?" என்றார் கண்டக்டர்.

ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருடமும் உடுப்புக்காரனைக் கண்டால் குனிய வேண்டும், குனியாதவர் கன்னத்தில் அறை விழும் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. கண்டக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இங்க யாருக்கும் குனிய வேணாம் தாயி, உக்காரு" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்த பிறகே உட்கார்ந்தாள்.

குமாரலிங்கபுரத்தில் கரி போட நிறுத்தினார்கள். இறங்கி நின்றோம். இரு பக்கமும் கரிசல். விதைக்காமல் கிடந்த நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. தானியேலின் கால் முழங்கால் வரை ஒரு வெடிப்பில் இறங்கிவிட்டது.

"இங்கயும் குண்டு போட்டாங்களா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"குண்டு இல்லத்தா. மழை பேயாட்டி பூமி இப்படித்தான் வாயத் தொறந்துக்கிடும்," என்றார் கண்டக்டர்.

மறுபடி ஏறியதும் தானியேல் "ஆயர், ஆயர்" என்று அழ ஆரம்பித்தான். பக்கத்தில் ஒரு நெசவுக்காரப் பெண்மணி. புருஷனிடம் தெலுங்கும் எங்களிடம் தமிழும் பேசிவந்தவர். "பிள்ள மாதாகோயில் ஆயரக் கூப்புடுதே, நீங்க வேதக்காரவுகளா?" என்று கேட்டார்.

"வேதக்காரவங்கதான். ஆனா அவன் கேக்கிறது தண்ணி. மலாய்ல அப்படிச் சொல்லுவாங்க."

அந்த அம்மாள் தன் செம்பை நீட்டினார். வாங்கி முதலில் தம்பிக்குப் புகட்டியவள் எஸ்தர். நீர் உப்புக் கரித்தது. மழை ஓயாத ஊரில் பிறந்தவன் ஒரு மடக்கிலேயே துப்பிவிட்டான். அந்த அம்மாள் இத்தனை தூரம் சுமந்து வந்த தண்ணீர் என்பதை அவனுக்கு எந்த மொழியில் சொல்வது?

ஒன்பதே காலுக்கு அருப்புக்கோட்டை. அங்கிருந்து வேறு பஸ்ஸில் ஒன்பது மைல், பதினொன்றரைக்குத் திருச்சுழி. மதினி அனுப்பிய மாட்டுவண்டி காத்திருந்தது. நரிக்குடிப் பாதையில் நாலு மைல் போய், ஒன்றரை மணிக்கு வீடு சேர்ந்தோம். தெற்கும் வடக்குமாக இரண்டு பத்தி அறைகள் கொண்ட ஓட்டு வீடு, பின்னால் ஆட்டுக் கொட்டில். மதினி வாசலிலேயே எஸ்தரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"என் தம்பி மூஞ்சி அப்படியே இருக்கே" என்றார்.

ஊருக்குப் போனால் வயிறு நிறையச் சோறு என்று வழியெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லி வந்தேன். மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்தவர்கள். இங்கே அரிசி ரேஷனில். அன்று மதியம் கம்பங்கஞ்சி. வெட்கமாக இருந்தது. அவர்கள் மறுபேச்சின்றிக் குடித்தார்கள்.

எட்டு நாள் தங்கினோம். மூன்றாம் நாள் எஸ்தரின் பாவாடைகளை மடிக்கும்போது, ஒன்றின் மடிப்புக்குள் காய்ந்த கம்பு உருண்டைகள் மூன்றை மதினி கண்டார்.

"இது யாருக்குத்தா?"

"தம்பிக்கு. நாளைக்கு இல்லாமப் போச்சுன்னா."

மதினி அவற்றை அப்படியே திரும்ப வைத்தார். அன்றிலிருந்து எஸ்தரையே கவனித்தார். தானியேல் சாப்பிட்டு எழும்வரை அவள் வாயில் ஒரு கவளம் வைப்பதில்லை. கணவரை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போன நாளிலிருந்து நான் விடிந்தால் காட்டு வேலைக்குப் போனேன். ஐந்து வயதுக்காரியிடம் இரண்டு வயதுக்காரனை விட்டுவிட்டுப் போனேன். அதை அவ்வளவு நாளும் நான் யோசித்ததில்லை.

ஏழாம் நாள் மதியம், கொட்டிலருகே வைத்து எஸ்தரிடம் சொன்னேன். நீ அத்தையோடு இருந்து படிக்க வேண்டும், நானும் தம்பியும் அப்பாவிடம் போகிறோம் என்று. அவள் அழவில்லை.

"தம்பிக்கு யாரு ஊட்டுவா?"

"நான் ஊட்டுவேன்."

"நீங்க காட்டு வேலைக்குப் போயிருவீங்க."

"இனிமே போக மாட்டேன். சண்டை முடிஞ்சிருச்சு."

"அப்பாவும் பத்து நாள்ல வந்துருவேன்னுதான் சொன்னாங்க."

அவர் திரும்ப இரண்டு வருடமாயிற்று. உள்ளே போய் மதினியிடம் சொன்னேன்.

"ஞானம், நான் ஒத்தப் பிள்ளையத்தான் கேட்டேன். தப்பாக் கேட்டுட்டேன். இதுகளப் பிரிக்காத. ரெண்டையும் கூட்டிட்டுப் போ. இல்லன்னா ரெண்டையும் விட்டுட்டுப் போ. எனக்கு எதுன்னாலும் சம்மதம்."

வெயில் இறங்கும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தில் மாதம் தவறாமல் காய்ச்சலில் விழுந்த தானியேல் இங்கே ஏழு நாளாக உடம்பு சுடாமல் ஓடுகிறான். அங்கே சயாமிலிருந்து எலும்பாக வந்தவர் தனியாகக் குளிர்காய்ச்சலில் நடுங்குவார். நான் இங்கேயே இருந்துவிட முடியாது. எஸ்தரைக் கூப்பிட்டு, தம்பியும் உன்னோடு இருப்பான் என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குட்டியிடம் ஓடினாள். அவள் ஓடி விளையாடியதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். பெற்றவள் போகிறேன் என்றதற்கு மகிழ்ந்தாளே என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி ஏறினேன். தானியேல் உடன் வரப் பார்த்தான். எஸ்தர் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவன் கால் அவள் முழங்காலுக்கும் கீழே தொங்கியது. மதினி, "பாத்துப் போயிட்டு வா, ஞானம். நான் இருக்கேன்ல" என்றார். மாடு நடந்தது.

ஆவணி நடுவில் பினாங்குத் துறைமுகத்தில் என் கணவர் காத்திருந்தார். மழை. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"தானியேல் எங்கே?"

நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பிறகு, "ரெண்டு பேரும் எந்த அறையில படுக்கிறாங்க?" என்று கேட்டார்.

"தெக்குப் பத்தியில. மதினி நடுவில."

"ஜன்னல் பக்கம் யாரு?"

தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டே வந்தார். கிணறு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பள்ளிக்கூடத்து வழியில் நிழல் உண்டா, இருட்டினால் விளக்கு எங்கே வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாக. அது அவர் பிறந்து வளர்ந்த வீடு. அந்த ஊரையே பார்க்காத ஒருவருக்குச் சொல்வதுபோல, நான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தேன்.