ஆடியில் விற்கப் போட்ட வீடு

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறிய அம்மா, லிட்டில் இந்தியா நிலையத்திலேயே கண் விழித்தார். அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, இந்த ட்ரெயின் கிளம்பவே இல்லியா?"

கிளம்பியிருக்கிறது. புக்கிட் பாஞ்சாங் வரை போய், அதுதான் கடைசி நிலையம் என்பதால் அங்கிருந்து திரும்பி, ஏறிய இடத்துக்கே அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. போக வர எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல தூக்கம்லா. ஏசி வேற" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டிய தேக்காவில் அம்மாவும் சித்தியும் சேர்ந்து ஒரு தோசைக் கடை நடத்துகிறார்கள். முதல் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அம்மா எங்கள் வீடு இருக்கும் சுவா சூ காங்கிலிருந்து டாக்சி பிடித்துப் போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பகலில் கடையை மூடிவிட்டு ரயிலிலும் எல்ஆர்டி என்கிற குட்டி ரயிலிலும் மாறி மாறி வீடு வர வேண்டும். இவருக்கு நிம்மதியான தூக்கம் கிடைக்கிற ஒரே இடம் ரயில் இருக்கையா?

வீட்டை விற்றுவிட்டுத் தேக்கா பக்கம் சின்னதாக ஒன்று வாங்கிவிட்டால் என்ன? குழாயை மூடுவதற்குள் நான் முடிவே செய்துவிட்டேன். என் புத்தி அப்படித்தான். மாலையில் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

அப்பா துவாஸில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். கம்பெனிப் பேருந்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே வந்து ஏற்றிக்கொள்ளும்.

"நான் ரிட்டையர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அப்ப விப்போம்" என்றார். "இப்ப மார்க்கெட் படுத்துக் கெடக்கு. எதிர் புளோக்ல ஒரு வீடு சீனப் புத்தாண்டுக்கு முன்னாடி போட்டது, இன்னும் அப்படியே இருக்கு."

"ஒரு வருஷமெல்லாம் என்னால ஆகாது" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "இந்தத் தீபாவளி வரைக்கும் ஓட்டுறேன். அதுக்கப்புறம் கடைய விட்டுடறேன்."

யாருக்கு நெய் கூடாது, யார் தோசையை முறுகலாகக் கேட்பார், எந்த டாக்சி ஓட்டுநர் முன்னால் கேட்காமலேயே எதை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். ஒருநாள் காய்ச்சல் என்று படுத்திருந்தபோதுகூடச் சித்திக்கு அரை மணிக்கொரு தரம் தொலைபேசியில் உத்தரவு போட்டவர். அவர் கடையை விடுவது என்றால் என்ன என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கைப்பேசியில் வீடு விற்கும் தளங்கள் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். சுற்றுவட்டாரத்தில் எந்தப் புளோக்கில் எந்த மாடியில் எது என்ன விலைக்குப் போனது என்று யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது மேசைக்கடியில் விலை பார்ப்பேன். விலை மெல்ல இறங்குகிறதா, நிற்கிறதா, இன்னும் இறங்குமா? நாளுக்கொரு பதில் கிடைத்தது. காலையில் 'இப்போதே விற்க வேண்டும்' என்று இருக்கும். மாலையில் 'கொஞ்சம் பொறு' என்று இருக்கும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ் வீட்டு ஏஜெண்ட் அக்காவைக் கூப்பிட்டேன். வந்ததும் அவர் ஜன்னலையோ சமையலறையையோ பார்க்கவில்லை. கைப்பேசியில் எங்கள் புளோக் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"சீனருக்கு விக்க முடியாது தங்கச்சி. உங்க புளோக்ல அவங்க கோட்டா நிறைஞ்சிருச்சு."

அரசு கட்டிய ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாரும் இத்தனை பங்குதான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு இருப்பது எனக்குத் தெரியும், பள்ளியில் படித்ததுதான். ஆனால் அது என் வீட்டுக் கதவு வரை வரும் என்று நினைத்ததில்லை. மேல் மாடிச் சீனக் குடும்பம் விற்றால், பங்கு மாறாது என்பதால், எந்தச் சீனரும் வாங்கலாம். நாங்கள் விற்றால் இந்தியரும் மலாய்க்காரரும்தான் வாங்கலாம். ஏற்கெனவே மந்தமான சந்தையில் எங்கள் வாசலுக்கு வரக்கூடியவர்கள் ஒரு கைப்பிடி.

"மாசா மாசம் மாறும். ஒரு சீனக் குடும்பம் வேற இடம் போச்சுன்னா கதவு திறக்கும். வெயிட் பண்ணலாம்" என்றார் அக்கா.

"வெயிட் எல்லாம் முடியாதுக்கா. நாளைக்கே போடுங்க."

"நாளைக்கு ஆடி பொறக்குதும்மா."

இங்கேதான் நான் என் மூளையைக் காட்டினேன். ஆடியில் யாரும் வீட்டை விற்கப் போட மாட்டார்கள். அப்படியானால் போட்டி இல்லை. போட்டி இல்லாதபோது நம் வீடு ஒன்றுதான் கண்ணில் படும். அக்காவுக்கு இதை ஒரு படம் வரைந்தே விளக்கினேன். அவர் என்னையே பார்த்தார்.

"விக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஆடியா? வாங்குறவங்களுக்கு இல்லியா?"

"இந்தக் காலத்துல யாருக்கா அதெல்லாம் பாக்குறா?"

எல்லோரும் பார்த்தார்கள். ஒரு மலாய் இணையர் வந்தார்கள். மரியாதையாகப் பேசி, பள்ளி தூரம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சீனர்கள் வர வழியில்லை. நம்மவர்கள் ஒருவர்கூட வரவில்லை. ஆடி வெள்ளிக்கு அம்மா கோவிலுக்குப் போய்வந்தார்; நான் சோபாவில் உட்கார்ந்து எங்கள் விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர்களில் பாதிப் பேர் நானாகத்தான் இருக்கும்.

ஆவணி பிறந்த முதல் சனிக்கிழமை ஓர் இளம் தம்பதி வந்தார்கள். திருச்சிப் பக்கம். இருவரும் கணினித் துறை. வந்து சில ஆண்டுகளாகி, இப்போது நிரந்தரவாசிகள். கணவர் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் தன் அம்மாவை வீடியோவில் அழைத்துக் கைப்பேசியை அவரிடம் நீட்டிவிட்டார்.

"மாப்ள, ஃபோன வாசப் பக்கம் திருப்புங்க" என்றது திருச்சி. "எந்தத் திசை?"

"தெற்குங்க, அத்தை."

"தெக்கா!"

என் அப்பா நாற்காலியிலிருந்தபடியே குரல் கொடுத்தார். "தெற்கு வாசல்ல இருபது வருஷத்துக்கு மேல இருக்கோம்மா. ஒண்ணும் ஆகல. பொண்ணுதான் கொஞ்சம் கிறுக்கா வந்துருச்சு."

திருச்சியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகு அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்ற விசாரணை சுலபமாகவே போனது. அந்தப் பெண்ணுக்கு வீடு பிடித்துவிட்டது என்பது, இல்லாத தன் துணி அலமாரியை அவர் கையால் அளந்து பார்த்ததிலேயே தெரிந்தது.

போகும்போது கேட்டார். "ரொம்ப நாளா லிஸ்டிங்ல இருக்குபோல, ஏதாவது பிரச்சினையா?"

ஒரு பிரச்சினையும் இல்லை, அவசரப்பட்டு ஆடியில் போட்டோம் என்று எப்படிச் சொல்வது? மாலையில் ஏஜெண்ட் அக்கா தொலைபேசியில் அவர்கள் சொன்ன விலையைச் சொன்னார். விலை போகாத வீட்டுக்குக் கேட்கிற விலை. அதோடு ஒரு நிபந்தனை. மார்கழியில் குடிபோக மாட்டார்கள். தை பிறந்த பிறகுதான் சாவி வாங்கிக்கொள்வார்கள்.

அப்பா மேசையில் தாளம் போட்டார். "ஆடியில பாக்க மாட்டான், மார்கழியில வர மாட்டான், நடுவுல வந்து வெலயக் கொறப்பான். அடுத்த வருஷம்னு சொன்னேன், கேட்டியா?"

"அடுத்த வருஷம் இன்னும் கொறஞ்சா?"

"ஏறினா?"

"அதுக்குள்ள அம்மா கடைய விட்டுருவாங்கப்பா!"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "இப்ப வித்தா மட்டும் தீபாவளிக்குள்ள நான் தேக்காவுல இருப்பேனா?"

இத்தனை வாரம் விலையின் ஏற்ற இறக்கத்தையே பார்த்தவள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. இன்றைக்கே சரி என்றாலும் தாள் வேலைகள் முடிய மாதங்கள் ஆகும். பிறகு தேக்கா பக்கம் ஒன்றைத் தேடி, அங்கேயும் கோட்டா பார்த்து, விலை பேசி... தீபாவளி எப்போதோ போயிருக்கும். எந்த விலைக்கு விற்றாலும் அம்மாவின் கெடுவுக்கு வீடு வந்து சேராது. அம்மாவின் அசதிக்காக நான் வீட்டை அவசரப்படுத்தினேன். வீடு எங்கள் அவசரத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொடுத்தது. அவர்கள் விலையைக் குறைத்தார்கள். அம்மாவோ இன்னும் அதே டாக்சியில்தான் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டையும் பிரித்துவிட்டால்?

"அம்மா, உங்களுக்கு வீடு வேணுமா, பக்கத்துல ஒரு படுக்கை வேணுமா?"

"என்னடி கேள்வி இது?"

"தேக்கா பக்கத்துல ஒரு ரூம். வாடகைக்கு. நீங்களும் சித்தியும். கடை நாள்ல அங்க தூங்கி எந்திரிச்சு நடந்தே போங்க. லீவுக்கு இங்க வாங்க. வீட்டை இப்ப லிஸ்டிங்ல இருந்து எடுத்துட்டு, தை பொறந்ததும் மறுபடி போடலாம்."

அப்பா தாளத்தை நிறுத்தினார். "அப்ப எனக்குச் சோறு?"

"கத்துக்குங்க" என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தார். "உன் சித்தி குறட்டை விடுவாடி."

அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா மறுக்க நினைத்தால் இன்னும் பெரிய காரணமாகச் சொல்வார்.

திருச்சித் தம்பதிக்கு அந்த விலைக்கு முடியாது என்று அக்கா மூலமாகச் சொல்லிவிட்டோம். நாகரிகமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே விளம்பரத்தை எடுத்தாயிற்று. அது இல்லாமல் என் கட்டைவிரலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேருந்தில் போகும்போது தானாகவே அந்தப் பக்கத்தைத் திறக்கிறது, நானே மூடுகிறேன். சரியான முடிவா? தையில் சந்தை இன்னும் படுத்துவிட்டால் அப்பா என்னைச் சும்மா விட மாட்டார். ஆனால் அப்போது வருகிறவர் எங்களிடம் அவசரத்தைப் பார்க்க மாட்டார். அதுவரை ஒவ்வொரு மாதமும் கோட்டா திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். திறந்தால் தைக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன்.

வரும் சனிக்கிழமை, கடை மூடியதும், தேக்காவுக்குப் பின்னால் ஒரு புளோக்கில் ஓர் அறையைப் பார்க்கப் போகிறோம். வீட்டுக்காரர் ஒரு சீன ஆன்ட்டி. தொலைபேசியில் "நோ ஹெவி குக்கிங்" என்றார். நாள் முழுக்கத் தோசை சுடுகிறவர்கள் வீட்டுக்கு வந்து அடுப்பைத் தொடவே மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். சாமி படம் வைக்கலாமா, ஜன்னல் திறக்குமா, சித்திக்குத் தனியாகச் சுவரோரமாக ஒரு மெத்தை போட முடியுமா என்று நேரில் கேட்க வேண்டும். அம்மாவை முன்னால் விட்டு, நான் கொஞ்சம் பின்னால் நின்று, அவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து பார்க்கப் போகிறேன்.