அண்ணன் கையில் ஏறிய காப்பு

எங்கள் அண்ணன் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய சிற்றூரில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினாறு. அன்று முதல் காலையில் உப்பளம், மாலையில் சடுகுடு. அவர் பாடிக்கொண்டு ஏறினால் நான்கு பேர் கட்டிப்பிடித்தால்தான் நிற்பார். புதுச்சேரி ஆலை ஒன்று தன் அணிக்கு ஆட அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. விளையாடுவதற்குச் சம்பளமா என்று ஊரே சிரித்தது. "பெரியவன் இன்னா வேல பாக்குறான்?" என்று யாராவது கேட்டால், அம்மாவே, "ஓடிப் புடிக்கிறான்" என்பார்.

மூன்றே ஆண்டில் ஆலை அந்த அணியைக் கலைத்துவிட்டது. அண்ணன் மறுபடி உப்பளத்தில் இறங்கினார். "இந்தப் பாத்திக்குள்ளயே என் காலம் பூடும்போல" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்போதுதான், எண்பதுகளின் கடைசியில், மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. பெரிய அணி ஒன்றின் ஆட்டக்காரர் தேர்வு, வரும் சனிக்கிழமை. தேறினால் நிரந்தர வேலை.

கடிதத்தை வாங்கியவன் நான். கல்லூரியில் முதலாண்டு. அண்ணன் போய்விட்டால் உப்பளத்தில் இறங்க வேண்டியவனும் நானே. மறுநாள் அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டும் நாள். வீட்டுக்கு ஒருவர் கட்டிக்கொள்வார். கட்டியவர் தீ மிதிக்கும்வரை பத்து நாள் ஊர் எல்லை தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் எப்போதும் அண்ணன்தான். கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கல்லுளிமங்கனாக இருந்தேன். அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிய பிறகு, "இப்பத்தாண்ணே வந்துச்சு" என்று நீட்டினேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி, நீ போயிப் படி" என்றார்.

நான் படித்து ஆசிரியரானேன். அண்ணன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே பாத்தியில் நின்றார். தங்கைகள் இருவரையும் கரையேற்றினார். என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

கடைசி நாட்களில், மருத்துவமனையில் நான் மட்டும் இருந்தபோது சொன்னார்: "டேய், லெட்டர் வந்தத போஸ்ட்மேன் அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாருடா. நீயா எடுத்துக் குடுப்பேன்னு கோயில் வரைக்கும் பாத்துக்கினே போனேன்."

அண்ணனை நன்கு கவனித்த மருத்துவர்களுக்கும், துக்கத்தில் சோறு கொண்டுவந்து கொடுத்த அண்டை வீட்டாருக்கும், வயதையும் பாராமல் வந்து தோள் கொடுத்த பழைய ஆட்டக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணியும் பிள்ளைகளும் நான் கடிதத்தை மறைத்த செய்தியை இந்த நினைவஞ்சலியில் இன்றுதான், உங்கள் எல்லோரோடும் சேர்ந்து படிக்கிறார்கள். நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அண்ணி, என்னை மன்னித்துவிடுங்கள்.