விரதம் இருக்கும் செடி

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குமுதா வளர்த்த மூன்று ரோஸ்மேரிச் செடிகளும் பூச்சியால் சாகவில்லை, வெயிலால் சாகவில்லை. அக்கம்பக்கத்தார் பாசத்தால் செத்தன.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளுக்குச் சிப் சோதிக்கும் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, மூக்குக்கும் மூடி. பொழுதுக்கும் ஒரு வாசனை கிடையாது. வீடு திரும்பி, செருப்பைக் கழற்றுமுன் ரோஸ்மேரி இலையை உருவி விரலை மோந்தால்தான் அவளுக்கு உயிர் வரும். அதற்காகவே நான்காவது செடியை வாங்கினாள். இதுவும் போனால் இனி வாங்குவதில்லை என்று முடிவு.

மணலும் செங்கல் துண்டும் கலந்து தொட்டியில் நட்டு, வாசல் நடைபாதையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள். ஆனால் அவள் வேலைக்குப் போனதும் பக்கத்து வீட்டு ராமதாஸ் பூசைச் செம்பில் மிஞ்சியதை ஊற்றுவார். கடைசி வீட்டு நூர் ஃபாத்திஹா அரிசி கழுவிய தண்ணீரோடு வருவாள். அடியிலைகள் கறுக்கத் தொடங்கின. வேண்டாமென்று எப்படிச் சொல்வது? குமுதா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த கைகளாயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை ராமதாஸ் செம்போடு வந்தார்.

"அண்ணே, நில்லுங்கண்ணே!"

"ஏம்மா? தண்ணி காட்டாம வளக்கிறியே, பாவம் லா!"

"அது விரதம் இருக்குதுண்ணே."

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ஆண்டு தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர் ராமதாஸ். செம்பு அந்தரத்தில் நின்றது.

"செடியா?"

"ஆமாண்ணே. வேரு ஈரத்துலயே கெடந்தா அழுகிடும். விரல விட்டுப் பாருங்க, உள்ள காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும்."

அவர் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம். தண்ணீரைப் பக்கத்துப் பாண்டான் செடித் தொட்டியில் கவிழ்த்தார். "நீ குடி. ஒனக்கு விரதமெல்லாம் ஒத்து வராது."

அன்று முதல் செடிக்கு அவர்தான் காவல். நூர் ஃபாத்திஹா கிண்ணத்தோடு வந்தால், "புவாசா! புவாசா!" என்று வாசலிலிருந்தே கத்துவார். நோன்பு என்றதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். எப்போது நோன்பு திறக்குமாம் என்று மலாயில் சிரித்தபடி கேட்டாள். ராமதாஸ் சிரிக்கவில்லை. மண்ணில் விரலை விட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

மாதங்கள் போயின. கறுத்த கிளைகளை வெட்டிய இடத்துக்கு மேலே புதுத் தளிர் விட்டது. ஒரு சாயங்காலம் குமுதா வேலை முடிந்து வந்தபோது ராமதாஸ் மண் ஒட்டிய விரலோடு நின்றிருந்தார்.

"இந்த வாட்டி விரதம் இன்னிக்கு முடிஞ்சிச்சும்மா. ஒரு கிளாஸ்தான் குடுத்தேன், கூட இல்ல."

"சரிண்ணே. நாளைக்கு உருளைக்கிழங்கு வறுக்கிறப்ப ரெண்டு கொத்து போடுறேன். ஒங்களுக்கும் உண்டு, ஃபாத்திஹாவுக்கும் உண்டு."

இலையை உருவினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது.